சுவிட்சில் ஏசிஎல் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏசிஎல் (ஆக்செஸ் கன்ட்ரோல் லிஸ்ட்) என்றால் எந்தப் பாக்கெட்டை, அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டை, விடலாம், எதைத் தடுக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல். முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நடுத்தர அலுவலகம், நடுவில் ஒரு லேயர் 3 சுவிட்ச். அது விலான்களாக, அதாவது தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிந்திருக்கிறது, அவற்றுக்கு நடுவே பாக்கெட்டை மாற்றிவிடுவதும் அதுதான். விலான் 10-இல் ஊழியர்களின் கணினிகள், 20-இல் சர்வர்கள், 30-இல் சிசிடிவி கேமராக்கள், 40-இல் வந்துபோகிறவர்களுக்கான வைஃபை. முகவரிகள் எளிது: விலான் 10-க்கு 192.168.10.0, விலான் 20-க்கு 192.168.20.0, இப்படியே போகும், எல்லாம் /24, அதாவது மாஸ்க் 255.255.255.0. கேமரா பதிவுகளைச் சேமிக்கும் என்விஆர் 192.168.20.10. டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்குவது), டிஎச்சிபி (கருவிக்குத் தானாக முகவரி கொடுப்பது), நேரம் மூன்றையும் தரும் சர்வர் 192.168.20.5. கீழே உள்ள விடைகள் எல்லாம் இந்த ஒரே நெட்வொர்க்கை வைத்துத்தான். கட்டளைகள் சிஸ்கோ ஐஓஎஸ் பாணியில் இருக்கும். அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன்; கீபோர்டில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

ஃபயர்வால்தான் இருக்கிறதே, சுவிட்சில் வேறு எதற்கு ஏசிஎல்?

உங்கள் ஃபயர்வால் இன்டர்நெட் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. கேமரா விலானிலிருந்து கணக்குப் பிரிவின் கணினிக்குப் போகும் பாக்கெட் அந்த வாசல் பக்கமே போகாது. லேயர் 3 சுவிட்சுக்குள் நுழைந்து, அங்கேயே திரும்பி, அடுத்த விலானுக்குப் போய்விடும். ஃபயர்வாலுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. விலான் பிரித்துவிட்டோம், பாதுகாப்பாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஐபி ரவுட்டிங்கை இயக்கிய அந்த நிமிடமே எல்லா விலானும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும். தடுப்பது ஏசிஎல்தான்.

கேமரா என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு 2016-ஐ நினைவுபடுத்துவேன். மிராய் என்ற நச்சுநிரல் கேமராக்களிலும் டிவிஆர்களிலும் டெல்நெட் (தூரத்திலிருந்து கருவிக்குள் நுழையும் பழைய வழி) வழியாக, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை வைத்தே நுழைந்தது. அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டுதான் அந்த ஆண்டு அக்டோபர் 21-இல் டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை முடக்கினார்கள். அன்று அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் திறக்கவில்லை. கேமராவுக்கு என்விஆரையும் நேரம் தரும் சர்வரையும் தவிர வேறு யாரிடமும் பேச வேலை இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சுவிட்சுக்குப் புரியும்படி எழுதுவதுதான் ஏசிஎல்.

சுவிட்ச் இந்தப் பட்டியலை எப்படிப் படிக்கிறது?

மேலிருந்து கீழே, வரி வரியாக. பாக்கெட்டுக்குப் பொருந்தும் முதல் வரி கிடைத்ததும் நின்றுவிடும். அந்த வரி பெர்மிட் என்றால் விடும், டினை என்றால் கீழே போடும். அதற்குப் பிறகு எத்தனை வரி இருந்தாலும் பார்க்காது. கடைசி வரைக்கும் எதுவும் பொருந்தாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு 'டினை எனி' அடியில் இருக்கிறது, அது போட்டுத் தள்ளிவிடும். ஆகவே டினை வரிகள் மட்டும் உள்ள பட்டியல் எல்லாவற்றையும் அடைத்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் விழுந்து எழுகிறார்கள்.

ஸ்டாண்டர்டா, எக்ஸ்டெண்டடா?

ஸ்டாண்டர்ட் பட்டியல் அனுப்புகிறவர் முகவரியை மட்டும் பார்க்கும். எண் 1 முதல் 99, பிறகு 1300 முதல் 1999. எக்ஸ்டெண்டட் பட்டியல் அனுப்புகிறவர், பெறுகிறவர், புரோட்டோகால், போர்ட் எல்லாம் பார்க்கும். எண் 100 முதல் 199, பிறகு 2000 முதல் 2699. விலான்களுக்கு நடுவே தடுக்க எக்ஸ்டெண்டட்தான் வேண்டும். எண்ணுக்குப் பதில் பெயர் வையுங்கள். 'கேமரா-உள்ளே' என்று ஒரு பட்டியலைப் பார்த்தால் இரண்டு வருடம் கழித்து வருகிறவருக்கும் புரியும். 137 என்று பார்த்தால் எழுதிய உங்களுக்கே புரியாது.

வைல்டுகார்டு மாஸ்க் எனக்குத் தலைகீழாகவே வருகிறது. எப்படி நினைவில் வைப்பது?

255-இலிருந்து கழியுங்கள், வேறு வித்தை இல்லை. 255.255.255.0-க்கு 0.0.0.255. /26, அதாவது 255.255.255.192 என்றால் 0.0.0.63. பூஜ்யம் இருக்கும் இடம் அப்படியே பொருந்த வேண்டும், 255 இருக்கும் இடம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

தப்பாகப் போட்டிருக்கிறீர்களா என்று கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. பழக்கதோஷத்தில் 192.168.30.0 255.255.255.0 என்று அடித்துவிட்டால் ஐஓஎஸ் கோபித்துக்கொள்ளாது, பேசாமல் வாங்கிக்கொள்ளும். பிறகு ஷோ ரன் (இப்போது ஓடும் அமைப்பைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் அந்த வரி 0.0.0.0 255.255.255.0 என்று மாறியிருக்கும். முதல் மூன்று இடமும் எதுவானாலும் சரி, கடைசி இடம் மட்டும் பூஜ்யமாக இருக்கட்டும் என்று நீங்கள் சொன்னதாக அது எடுத்துக்கொண்டது. நீங்கள் எழுதிய முகவரி மறைந்து பூஜ்யங்கள் தெரிந்தால் மாஸ்க் தலைகீழ் என்று பொருள்.

'இன்' எது, 'அவுட்' எது? ஒவ்வொரு முறையும் குழம்புகிறது.

நீங்கள் சுவிட்சுக்குள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமராவிடமிருந்து உங்களை நோக்கி வருவது, இன்டர்ஃபேஸ் விலான் 30-இல் (அந்த விலானுக்குச் சுவிட்சில் உள்ள வாசல்) இன். உங்களிடமிருந்து கேமராவை நோக்கிப் போவது, அதே இன்டர்ஃபேஸில் அவுட். கேமராவின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் மாறித் தெரியும், அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. நான் முடிந்தவரை இன் பக்கம்தான் போடுவேன். வேண்டாத பாக்கெட்டை வாசலிலேயே நிறுத்துவது நல்லது. பட்டியலும் 'இந்த விலான்காரர்கள் யாரிடம் பேசலாம்' என்ற ஒரே கேள்விக்கு விடையாக இருக்கும்.

கேமரா விலானுக்கு ஒரு முழுப் பட்டியலைக் காட்டுங்களேன்.

ஐபி ஆக்செஸ்-லிஸ்ட் எக்ஸ்டெண்டட் கேமரா-உள்ளே
10 பெர்மிட் ஐபி 192.168.30.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.20.10
20 பெர்மிட் யூடிபி 192.168.30.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.20.5 ஈக்யூ 123
30 டினை ஐபி எனி எனி

பிறகு இன்டர்ஃபேஸ் விலான் 30-க்குள் போய், ஐபி ஆக்செஸ்-குரூப் கேமரா-உள்ளே இன். அவ்வளவுதான்.

10-ஆவது வரி என்விஆருக்கு. 20-ஆவது வரி நேரத்துக்கு; 123 அதன் போர்ட், ஈக்யூ என்றால் 'சமம்'. இதை மறந்தால் கேமராக்களின் கடிகாரம் மெல்ல விலகும், ஒரு திருட்டு நடந்து பதிவைத் தேடும்போதுதான் நேரம் தப்பு என்று தெரியவரும். 30-ஆவது வரியை எழுதாவிட்டாலும் சுவிட்ச் அதையேதான் செய்யும். ஆனாலும் எழுதுகிறேன்: கண்ணுக்குத் தெரியாத வரிக்கு, எத்தனை பாக்கெட் பொருந்தியது என்ற எண்ணிக்கை ஷோ ஆக்செஸ்-லிஸ்ட்ஸில் வராது, எழுதிய வரிக்கு வரலாம். இங்கே கேமராக்களுக்குக் கையால் முகவரி கொடுத்ததாகக் கொண்டிருக்கிறேன். டிஎச்சிபி என்றால் அதற்கும் ஒரு வரி வேண்டும். வைஃபை கேள்வியில் வருகிறது.

இதைப் போட்டதும் என் கணினியிலிருந்து கேமராவின் வெப் பக்கம் திறக்கவில்லை. நான் விலான் 10-இல் இருக்கிறேன், அங்கே ஏசிஎல்லே இல்லையே?

சுவிட்ச் ஏசிஎல்லில் வருகிற சந்தேகங்களில் பாதி இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் கணினி 192.168.10.25. கேமரா 192.168.30.11, அதன் போர்ட் 443. உங்கள் கோரிக்கை விலான் 10 வழியாக உள்ளே வந்தது, தடையில்லை. விலான் 30 வழியாக வெளியே போனது, அங்கே அவுட் பட்டியல் இல்லை, தடையில்லை. கேமராவுக்குக் கோரிக்கை கிடைத்தது, பதிலும் அனுப்பியது. அந்தப் பதில் விலான் 30-இல் இன் பக்கமாக நுழைகிறது. அனுப்புவது கேமரா, பெறுவது 192.168.10.25. பட்டியலில் அப்படி ஒரு அனுமதி இல்லை. விழுந்தது.

ஃபயர்வால் என்றால், 'இவர் கேட்டதற்குத்தானே இது பதில்' என்று நினைவு வைத்துக்கொண்டு விட்டிருக்கும். சுவிட்சுக்கு அந்த ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு பாக்கெட்டையும் முன்பின் தெரியாத ஆளாகத்தான் பார்க்கிறது. பதில் திரும்பி வரும் வழியையும் நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும்:

25 பெர்மிட் டிசிபி 192.168.30.0 0.0.0.255 ஈக்யூ 443 ஹோஸ்ட் 192.168.10.25 எஸ்டாப்ளிஷ்ட்

இதில் 'ஈக்யூ 443' எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அனுப்புகிறவர் முகவரியை ஒட்டி. பதில் பாக்கெட்டில் 443 என்பது கேமராவின் போர்ட், உங்கள் கணினியின் போர்ட் ஏதோ ஒரு பெரிய எண். பழக்கத்தில் 443-ஐக் கடைசியில் எழுதினால் வரி பிழையில்லாமல் ஏறும், ஒரு பாக்கெட்டுக்கும் பொருந்தாது. எஸ்டாப்ளிஷ்ட் என்ற சொல் ஏசிகே (கிடைத்தது) அல்லது ஆர்எஸ்டி (துண்டி) கொடி உள்ள டிசிபி பாக்கெட்டுகளை மட்டும் விடும். கேமரா தானாகப் புது இணைப்பு தொடங்க முடியாது. ஆனால் அது கொடியை மட்டும்தான் பார்க்கிறது. உண்மையில் இணைப்பு இருக்கிறதா என்று சரிபார்ப்பதில்லை. யூடிபிக்கு இந்த வசதியும் இல்லை.

விருந்தினர் வைஃபைக்கு இன்டர்நெட் மட்டும் கொடுக்க வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் உள்ளே தேவைப்படும் ஒன்றிரண்டை அனுமதியுங்கள், பிறகு உள் முகவரிகள் எல்லாவற்றையும் அடையுங்கள், கடைசியில் மற்றதைத் திறந்து விடுங்கள்.

10 பெர்மிட் யூடிபி எனி ஈக்யூ 68 எனி ஈக்யூ 67
20 பெர்மிட் யூடிபி 192.168.40.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.20.5 ஈக்யூ 53
30 பெர்மிட் டிசிபி 192.168.40.0 0.0.0.255 ஹோஸ்ட் 192.168.20.5 ஈக்யூ 53
40 டினை ஐபி எனி 10.0.0.0 0.255.255.255
50 டினை ஐபி எனி 172.16.0.0 0.15.255.255
60 டினை ஐபி எனி 192.168.0.0 0.0.255.255
70 பெர்மிட் ஐபி 192.168.40.0 0.0.0.255 எனி

67, 68 டிஎச்சிபியின் போர்ட்கள், 53 டிஎன்எஸ்ஸின் போர்ட். 10-ஆவது வரியில் 'எனி' இருப்பதற்குக் காரணம், முகவரி கேட்கும் போனுக்கு இன்னும் முகவரி இல்லை, 0.0.0.0 என்றுதான் வரும். இந்த வரி இல்லாமல் போட்டால் ஏற்கனவே இணைந்திருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. மறுநாள் காலையில் புதிதாக வருகிறவர்களுக்குத்தான் வைஃபை 'முகவரி பெறுகிறது' என்று சுற்றிக்கொண்டே இருக்கும். நேற்று மாலை வேலை செய்ததே என்று எல்லோரும் ஆக்சஸ் பாயின்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பட்டியலுக்குப் பிறகு விருந்தினர் 192.168.40.1-க்குப் பிங் போட்டால் பதில் வராது. பயப்பட வேண்டாம். கேட்வே வழியாகப் போக கேட்வேயின் ஐபியோடு பேச வேண்டியதில்லை, ஏஆர்பி (ஐபிக்கு உரிய வன்பொருள் முகவரியைக் கேட்பது) நடந்தால் போதும். ஐபி ஏசிஎல் ஏஆர்பியைத் தொடுவதில்லை.

ஒரே விலானுக்குள் இருக்கும் இரண்டு போன்கள் பேசுவதை இது தடுக்குமா?

தடுக்காது. ஒரே விலானுக்குள் போகும் பாக்கெட் இன்டர்ஃபேஸ் விலான் பக்கம் வருவதே இல்லை. வைஃபை என்றால் ஆக்சஸ் பாயின்டில் கிளையன்ட் ஐசொலேஷன் போடுவது சுலபம். கம்பியில் இருப்பவர்களுக்கு ஸ்விட்ச்போர்ட் புரொடெக்டட் என்ற ஒரு வரி, அந்தச் சுவிட்சுக்குள் மட்டும். இல்லையென்றால் போர்ட்டிலேயே ஏசிஎல் அல்லது விலான் மேப் (விலான் முழுவதற்கும் போடும் வடிகட்டி). விலான் மேப்பில் ஒரு பொறி உண்டு: அங்கே ஏசிஎல்லில் எழுதும் பெர்மிட் என்பதற்கு 'விடு' என்று பொருள் அல்ல, 'இது பொருந்துகிறது' என்றுதான் பொருள். விடுவதா போடுவதா என்று மேப்பின் ஆக்ஷன் வரி சொல்லும்.

தூரத்திலிருந்து போடும்போது என்னையே வெளியே பூட்டிக்கொண்டால்?

பூட்டிக்கொண்ட கதை என்னிடம் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் சுவிட்ச், இரவு ஒன்பது மணி, வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகச் சுவிட்சுக்குள் இருந்தேன். முதலில் இன்டர்ஃபேஸில் ஆக்செஸ்-குரூப்பைக் கட்டிவிட்டு, பிறகு பட்டியலை வரி வரியாக எழுதலாம் என்று நினைத்தேன். காலியான பட்டியலை ஐஓஎஸ் ஒன்றும் செய்யாது, எல்லாவற்றையும் விடும். டிஎச்சிபிக்கான முதல் வரியைத் தட்டி என்டர் அடித்தேன். அந்த நொடியில் பட்டியலுக்கு உயிர் வந்தது, அடியில் உள்ள டினை எனியும் சேர்ந்து வந்தது. கர்சர் நின்றுவிட்டது. அதிகாலை பஸ்ஸில், கன்சோல் கேபிளை மடியில் வைத்துக்கொண்டு போகும்போதுதான் உறைத்தது: நான் ரைட் (அமைப்பைச் சேமிக்கும் கட்டளை) செய்யவே இல்லை. அங்கிருந்த காவலாளியிடம் போனில் சொல்லி பிளக்கைப் பிடுங்கிச் செருகச் சொல்லியிருந்தால் ராத்திரியே முடிந்திருக்கும்.

அன்றிலிருந்து பட்டியலை முழுதாக எழுதி, ஒருமுறை படித்து, பிறகுதான் இன்டர்ஃபேஸில் கட்டுகிறேன். அதற்கும் முன்னால் ரீலோட் இன் 10 என்று அடித்துவிடுவேன். சேமிக்காமல் மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே எழுந்து பழைய நிலைக்கு வரும். எல்லாம் சரியென்றால் ரீலோட் கேன்சல். இதில் ஒரு சங்கடம், அந்தச் சுவிட்சிலிருந்து மின்சாரம் எடுக்கும் கேமராக்களும் போன்களும் சேர்ந்து விழும். ஆர்கைவ் (பழைய அமைப்பின் நகலை வைத்திருக்கும் வசதி) அமைத்திருந்தால் கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 10 நாகரிகமான வழி. பத்து நிமிடத்தில் கான்ஃபிகர் கன்ஃபர்ம் அடிக்காவிட்டால் மாற்றத்தை மட்டும் திருப்பிவிடும். ஜூனிப்பர் நிறுவனச் சுவிட்சில் இதற்கு கமிட் கன்ஃபர்ம்ட். எண் கொடுக்காவிட்டால் அதுவும் பத்து நிமிடம்தான்.

நடுவில் ஒரு வரியை எடுக்கப் போய்ப் பட்டியலே காணாமல் போனது!

எண் பட்டியலில் 'நோ ஆக்செஸ்-லிஸ்ட் 101 பெர்மிட்...' என்று அடித்திருப்பீர்கள். அது அந்த வரியை எடுக்காது, 101 முழுவதையும் துடைத்துவிடும். ஐபி ஆக்செஸ்-லிஸ்ட் எக்ஸ்டெண்டட் 101 என்று உள்ளே போய், நோ 20 என்று வரிசை எண்ணைச் சொல்லி எடுங்கள். எண்களுக்கு நடுவே இடம் தீர்ந்துவிட்டால் ஐபி ஆக்செஸ்-லிஸ்ட் ரீசீக்வென்ஸ், பெயர், 10 10.

ஷோ ஆக்செஸ்-லிஸ்ட்ஸில் எண்ணிக்கை ஏறவே இல்லை. ஏசிஎல் வேலை செய்யவில்லையா?

செய்துகொண்டிருக்கலாம். பல சுவிட்சுகளில் தடுப்பதும் விடுவதும் வன்பொருளிலேயே முடிந்துவிடும். அந்தத் திரையில் தெரிவது சிபியூ வரை வந்த பாக்கெட்டுகள் மட்டும். கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் உண்மையாக ஒரு கணினியிலிருந்து முயன்று பாருங்கள். சந்தேகமென்றால் டினை வரியின் கடைசியில் லாக் சேர்க்கலாம்: முதல் பாக்கெட்டுக்கு உடனே ஒரு செய்தி, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொகுப்பு. வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். லாக் உள்ள வரியில் விழும் பாக்கெட்டுகள் சிபியூவுக்குப் போகின்றன. ஏதாவது ஒரு கணினி வைரஸ் பிடித்து நெட்வொர்க்கைத் துழாவ ஆரம்பித்தால் சுவிட்ச் மூச்சுத் திணறும்.

எத்தனை வரி வரைக்கும் எழுதலாம்?

வரியின் எண்ணிக்கையைவிட அவை டிகேமில் எடுக்கும் இடம்தான் கணக்கு. டிகேம் என்பது எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் தனி நினைவகம். அதனால்தான் பத்து வரி இருந்தாலும் நூறு வரி இருந்தாலும் வேகம் குறைவதில்லை. இடம் மட்டும் குறைவு. ஒரு போர்ட் இடைவெளி பல பதிவுகளாக உடையக்கூடும்: 1024 முதல் 65535 வரை என்பதை இரண்டின் அடுக்குகளாகப் பிரித்தால் ஆறு பதிவு. பழைய கேட்டலிஸ்ட் 3560, 3750 ரகங்களில் ஷோ பிளாட்ஃபார்ம் டிகேம் யூடிலைசேஷன் என்று பார்க்கலாம்.

வேறு நிறுவனச் சுவிட்சிலும் இதே விதிகள்தானா?

வரிசையாகப் படிப்பது எங்கும் ஒன்று. அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் மாறும். ஹுவாவேயில் 2000 முதல் 2999 அடிப்படை, 3000 முதல் 3999 விரிவானது. அங்கே டிராஃபிக்-ஃபில்டராகக் கட்டினால் எந்த விதிக்கும் பொருந்தாத பாக்கெட் தடையில்லாமல் போய்விடும். சிஸ்கோ பழக்கத்தில் அனுமதி வரிகளை மட்டும் எழுதிவிட்டு வந்தால் ஒன்றையும் தடுத்திருக்க மாட்டீர்கள். எல்லாம் ஓடுகிறது என்று எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். கடைசி டினையைக் கையால் எழுதுங்கள். ஜூனிப்பர் இஎக்ஸில் பெயர் ஃபயர்வால் ஃபில்டர், அடியில் டிஸ்கார்ட், சிஸ்கோவைப் போலத்தான்.

பிங்கை முழுதாக அடைத்துவிடலாமா?

எக்கோவை (பிங்கின் செய்தி) அடையுங்கள், பிங்கையும் நெட்வொர்க்கின் பிழை அறிவிப்புகளையும் சுமக்கும் ஐசிஎம்பி முழுவதையும் அடைக்காதீர்கள். 'பாக்கெட் பெரிது, உடைக்க வேண்டும்' என்று சொல்லும் செய்தி, வகை 3 குறியீடு 4, அதில்தான் வருகிறது. அது போகாவிட்டால் சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்புகள் பாதியில் தொங்கும்.

ஐபிவி6-க்கும் இதே பட்டியல் போதுமா?

போதாது. ஐபிவி4 பட்டியலுக்கு ஐபிவி6 பாக்கெட் கண்ணிலேயே படாது. தனியாக எழுதி ஐபிவி6 டிராஃபிக்-ஃபில்டர் என்று கட்ட வேண்டும். அங்கே அடியில் உள்ள டினைக்கு மேலே அண்டை முகவரி கண்டுபிடிக்கும் இரண்டு செய்திகளுக்கு மட்டும் மறைமுக அனுமதி உண்டு. நீங்கள் டினை ஐபிவி6 எனி எனி என்று கையால் எழுதினால் அது முந்திக்கொள்ளும், அண்டையார் முகவரியே தெரியாமல் ஐபிவி6 நின்றுவிடும். பெர்மிட் ஐசிஎம்பி எனி எனி என்டி-என்எஸ், அதேபோல் என்டி-என்ஏ, இரண்டையும் மேலே எழுதிவிட்டு டினை போடுங்கள்.

சுவிட்சுக்குள்ளேயே யாரும் நுழையாமல் எப்படிக் காப்பது?

லைன் விடிஒய் 0 15-க்குள் (தூரத்திலிருந்து சுவிட்சுக்குள் நுழையும் பதினாறு வழிகள்) ஆக்செஸ்-கிளாஸ். இங்கே ஸ்டாண்டர்ட் பட்டியலே போதும். உங்கள் மேலாண்மைக் கணினிகளின் முகவரி மட்டும். 0 4-க்குப் போட்டுவிட்டு 5 முதல் 15 வரை திறந்து வைத்திருக்கும் சுவிட்சுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சுவிட்சுக்கு ஒவ்வொரு விலானிலும் ஒரு ஐபி இருப்பதால், விலானுக்கு விலான் தடுப்பதைவிட இது சுருக்கமான வழி.

எப்போது ரைட் செய்யலாம்?

எனக்குள்ள வழக்கம்: மாற்றத்தைப் பகலில் கட்டுவேன், ஒரு போனை வைஃபையிலிருந்து துண்டித்து மறுபடி சேர்ப்பேன், என்விஆரில் எல்லா கேமராவும் படம் காட்டுகிறதா என்று பார்ப்பேன், பிரின்டரில் ஒரு தாள் எடுப்பேன், உடனே ரைட். இரவு பேக்கப் ஓடும்வரை காத்திருந்து சேமிக்கலாம் என்பவர்களும் உண்டு. யூபிஎஸ் நம்பகமாக இருக்கும் இடத்தில் அது சரி. அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் மறுநாள் காலையில் பட்டியலே இருக்காது, அது போனதும் யாருக்கும் தெரியாது. கேமராக்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.